ஒரு கிரேனுக்கு ஒரு கை

அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பை மட்டும் காலியாக இருந்தது. மறந்துபோய் விட்டதில்லை. கிருஷ்ணப்பிரியா வேண்டுமென்றே விட்டு வைத்தது.

கிருஷ்ணப்பிரியா பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண். ஆவடியில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த தாட்சாயிணியின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருவாள். கண்ணாடித்தாள் பைகள் வைத்த பழைய போட்டோ ஆல்பம் ஒன்றை எடுத்து, அந்த வீட்டில் இருப்பவற்றையே படம் பிடித்து, பைக்கு ஒன்றாகச் செருகினாள். எவர்சில்வர் டம்ளர், மூக்குக்கண்ணாடி, குளியலறையின் நீலக் கதவு, தைலப் புட்டி. மகள் திவ்யாவின் முகம், தாட்சாயிணியின் முகம். கடையில் விற்கிற படமெல்லாம் வேண்டாம், அவர் கைபட்ட பொருளாகவே இருக்கட்டும் என்பது அவள் கட்சி.

அவர் என்றால் தாட்சாயிணியின் கணவர் ஜெயராமன். அறுபத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பை உருக்கி ஊற்றும் ஒரு வார்ப்பட ஆலையில் முப்பத்தோரு வருஷம் கிரேன் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரிடமிருந்து சொற்கள் உதிரத் தொடங்கின. முதலில் ஆட்களின் பேர் போனது. அப்புறம் பொருட்களின் பேர் போய், உலகத்தில் உள்ளதெல்லாம் "அந்த இது" ஆனது. அதுவும் போய், இப்போது ஒரு "ம்" மட்டும் மீதி. நாம் சொல்வதும் அவருக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. பக்கவாதம் இல்லை என்றார் டாக்டர். மூளையில் பேச்சு குடியிருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, திரும்பக் கொண்டுவர மருந்து கிடையாது.

"பேச்சு போகும்மா. ஆள் உள்ளதான் இருப்பார். அவர்கிட்டப் போய்ச் சேர நீங்கதான் வேற வழி பாக்கணும்."

அந்த வேறு வழிதான் ஆல்பம்.

"எல்லாத்தையும் இதுல போட முடியாது ஆன்ட்டி," என்றாள் கிருஷ்ணப்பிரியா, காலிப் பையைத் தட்டிக் காட்டி. "அவருக்கு வேணுங்கிறது இந்தப் புக்குல இல்லேன்னா, இல்லேன்னு சொல்றதுக்கும் ஒரு இடம் வேணும்ல? அவர் இதைத் தொட்டா, 'நான் சொல்றது இங்க இல்லை'ன்னு அர்த்தம். நீங்க கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கணும்."

ஆடி மாதம் முழுக்க ஜெயராமன் அந்தப் பையைத் தொடவே இல்லை. டம்ளரைத் தொடுவார், தண்ணீர் வரும். தைலத்தைத் தொடுவார், தாட்சாயிணி முழங்காலில் தேய்த்து விடுவாள். ஒருநாள் ஆல்பத்தில் அவள் முகத்தைத் தொட்டுவிட்டுச் சும்மா இருந்தார். "இன்னாங்க வேணும்?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் அவள் முகத்தையே தொட்டார். ஒன்றும் வேண்டாம், கிட்டே உட்கார் என்பதுதான் விஷயம். அது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபின் அடுப்பில் இருந்த பாலைக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆவணியில் ஒரு மத்தியானம், மணி இரண்டு இருக்கும், ஜெயராமன் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காலிப் பையின்மேல் விரலை வைத்தார்.

"பசிக்குதா?"

தலையாட்டினார், இல்லை.

"கால் வலிக்குதா? திவ்யாவ பாக்கணுமா? உங்க தம்பியா?"

இல்லை, இல்லை, இல்லை. விரல் அந்த வெறும் கண்ணாடித்தாளை விட்டு எழவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் மோவாயைத் தூக்கிக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கேட்டும், தெருவும், தெருவுக்கு அப்பால் வீடு கட்டாத ஒரு காலி மனையும் இருந்தன. மனையில் வேலிகாத்தான் புதரும், யாரோ கொட்டிவிட்டுப் போன செங்கல் குவியலும். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

மறுநாளும் இரண்டு மணிக்குத் தொட்டார். அதற்கு மறுநாளும்.

அந்த வாரம் அவர் மாடிக்குப் போய் உட்காரத் தொடங்கினார். பால்கனி ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து கீழே காலி மனையைப் பார்ப்பார். இரண்டு கைகளும் இடுப்புயரத்தில் எதையோ பிடித்திருக்கும். இடது கை மெல்ல முன்னால் போகும். வலது கை பின்னால் வரும். நடுநடுவே வலது கால் தரையை இரண்டு தட்டுத் தட்டும். டொக், டொக்.

தாட்சாயிணிக்கு அது என்ன என்று தெரிய வெகுநேரம் ஆகவில்லை. ஆலையின் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதன் கேபினில் உட்கார்ந்து அவர் லீவர் பிடித்துக்கொண்டிருந்தார். கால் தட்டுவது மணி. முப்பதடி கீழே தரையில் நிற்பவன் கையால் சொல்வதை மேலே இருப்பவர் பார்த்துவிட்டால் காலால் மணியை இரண்டு தட்டு தட்டுவார், புரிந்தது என்று. உலையின் இரைச்சலில் வாய்க்கு அங்கே வேலையே இல்லை.

அவள் அதைப் போனில் படம் பிடித்து கிருஷ்ணப்பிரியாவுக்கு அனுப்பினாள். அந்தப் பெண் உடனே கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இது நல்ல செய்தி. வாய்ப்பேச்சு போனாலும் கைப்பேச்சு உள்ளேயே இருக்கு பாருங்க. அந்தச் சைகை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? நீங்க அதைக் கத்துக்குங்க. ஆல்பத்தைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்."

தெரிந்தவன் ஒருத்தன்தான். துலுக்கானம். முப்பத்தோரு வருஷமும் கீழே நின்று ஜெயராமனுக்குக் கை காட்டியவன். அவன் வேலையை விட்டு வந்த அடுத்த வருஷம் மார்வலி வந்து, நெமிலிச்சேரியில் அவன் வீட்டுக் கட்டிலிலேயே போய்விட்டான். அவன் மனைவி சொர்ணம் இருந்தாள்.

சொர்ணத்தைத் தேடி தாட்சாயிணி ரயிலேறிப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் சொர்ணம் சிரித்தாள்.

"என்னாண்ட வந்தியே, அதான் சரி. செத்துப்போறதுக்கு பதினஞ்சு வருஷம் முன்னாலயே அந்தாளுக்கு அந்த இரைச்சல்ல காது போயிடுச்சு. எங்க ஊட்ல சோறு போடறதுலேந்து சண்ட போடறது வரைக்கும் எல்லாமே கையாலதான். அடிதடி இல்லக்கா, சைகை."

"எனக்கு வருமா சொர்ணம்?"

"ஏன் வராது? ரெண்டு ஆம்பிளைங்க முப்பது வருசம் கையாலயே குடித்தனம் பண்ணிகினு இருந்தானுங்க. நம்மளாண்ட பேசனதவிட அவனுங்க பேசிகினதுதான் ஜாஸ்தி. நமக்கு வராதா?"

செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் மத்தியான ரயிலில் சொர்ணம் ஆவடிக்கு வந்தாள். ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டிச் சுற்றினால் மேலே. தரையைக் காட்டிச் சுற்றினால் கீழே. உள்ளங்கையை விரித்துத் தன் பக்கம் இழுத்தால் இப்படி வா. கையை நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்க, குறுக்கே வீசினால் நில். மெல்ல என்பதுதான் அழகு. ஒரு கை சைகை காட்டும்போது இன்னொரு கையை விரித்து, அசையாமல் நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும்.

"எங்காளு 'மெல்ல' காட்டினா தனியா தெரியும்," என்றாள் சொர்ணம். "சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டி, சுண்டுவெரலு மடங்கியேதான் கெடக்கும். நீட்ட வராது. அம்பது பேரு மஞ்ச தொப்பி போட்டுகினு நின்னாலும், மேலேந்து அந்த சுண்டுவெரல பாத்தே அண்ணாத்தே கண்டுபுடிச்சிடுவாராம்."

முதல் தடவை தாட்சாயிணி வானத்தைக் காட்டி விரலைச் சுற்றியபோது, ஜெயராமன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். கால் தரையைத் தட்டியது. டொக், டொக்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் தள்ளித் தள்ளிப் போன மனிதர் ஒரு விரலுக்கு எழுந்து நிற்கிறார். குளிக்க, சாப்பிட, மாத்திரை விழுங்க, படுக்க எல்லாவற்றுக்கும் கை போதும் என்று ஆனது. வீட்டில் சத்தமே இல்லை. குக்கர் விசிலும் மின்விசிறியும்தான் பேசின.

பூந்தமல்லியில் வேலை பார்க்கிற திவ்யா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவளும் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்பா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் ஹாலிலிருந்து "வா" காட்டினாள். அதே நேரம் அவர் தடுமாறிவிடுவாரோ என்று தாட்சாயிணி படியருகே நின்று "மெல்ல" காட்டினாள். ஜெயராமன் ஒரு காலைத் தூக்கிய நிலையிலேயே நின்றுவிட்டார். தூக்கிய கால் கீழே வரவில்லை. கண் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்ப் போய் வந்தது. நெற்றி வியர்த்தது. இருவரும் கையைக் கீழே போட்டபின்தான் அந்தக் கால் படியில் இறங்கியது.

"என்னம்மா ஆச்சு அப்பாவுக்கு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை சொர்ணம் சொன்னாள். "தப்பு அவரு மேல இல்ல, உங்க மேல. ஒரு கிரேனுக்கு ஒரு கைதான்க்கா. ரெண்டு பேரு காட்டினா வண்டிய நகத்தவே கூடாது. கீழ உருக்குன இரும்புக் கொழம்பு ஊத்தற வாளி தொங்கிகினு இருக்கும், யாரு சொல்றத கேக்கறது? அப்டியே நிறுத்திட்டு நிக்கணும். ஸ்டாப் மட்டும்தான் எவன் காட்டினாலும் கேக்கணும். டீ குடுக்க வந்தவன் காட்டினாலும் நிக்கணும். மத்ததெல்லாம் ஒருத்தன் கை."

"அந்த ஒருத்தன் லீவு போட்டா?"

"கை மாத்துவாங்க. போறவன், வர்றவன் கைய புடிச்சு ரெண்டு பேருமா மேல தூக்கிக் காட்டணும். இனிமே இவன் கைதான்னு. மேலேந்து ரெண்டு மணி வந்தா ஆச்சு. அது இல்லாம புதுசா எவன் வந்து காட்டினாலும் அண்ணாத்தே நகத்த மாட்டாரு."

இனிமேல் வீட்டில் தாட்சாயிணியின் கை மட்டும்தான் என்று முடிவானது. திவ்யா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே அப்பாவிடம் நின்றாள்.

புரட்டாசி கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மணி இரண்டு. திவ்யா ஊரில் இல்லை. சொர்ணம் வருகிற நாளும் இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாடியிலிருந்து அவரை இறக்கத் தாட்சாயிணி படியின் அடியில் நின்று, தரையைக் காட்டி விரலைச் சுற்றினாள். மூன்று படி இறங்கினார். நான்காவது படிக்குத் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

நெற்றி வியர்த்தது. கண் அவள் கைக்கு வந்தது. பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் போனது. மறுபடி அவள் கைக்கு வந்தது. மறுபடி பின்னால் போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே பார்க்கவில்லை. தன் கையை மெதுவாகக் கீழே போட்டாள்.

அந்தக் கால் இறங்கியது. டொக், டொக் என்று தட்டிவிட்டு, அவளைத் தாண்டி, திறந்திருந்த வாசல் வழியாக கேட்டுவரை நேராக நடந்து போய் நின்றார். அப்போதுதான் அவள் திரும்பினாள். கேட், தெரு, காலி மனை, செங்கல் குவியல், வெயில்.

அன்று சாயங்காலம் கிருஷ்ணப்பிரியாவிடம் போனில் சொன்னாள்.

"பழைய ஞாபகம் வந்திருக்கும் ஆன்ட்டி. ஆலையில இருக்கிற மாதிரி நினைச்சிருப்பார்."

"ஞாபகம் வந்தா நடப்பாரும்மா. நிக்க மாட்டாரு. ரெண்டு கை தெரிஞ்சாத்தான் நிப்பாரு."

மறுமுனையில் அந்தப் பெண் எதையோ புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த வாரம் டாக்டரைப் பாத்துடலாம்," என்றாள்.

மறுநாள் வரும்போது துலுக்கானத்தின் படம் ஒன்று கொண்டுவரும்படி தாட்சாயிணி சொர்ணத்திடம் போனில் சொல்லியிருந்தாள். ஆலை அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். தாட்சாயிணி அதை ஜெயராமனிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். ஜன்னலருகே போய், படத்தை முகத்துக்கு நேரே பிடித்து, அதைப் பார்த்தார், வெளியே பார்த்தார். ரேஷன் கடையில் அட்டையையும் ஆளையும் சரிபார்ப்பார்களே, அப்படி. பிறகு ஆல்பத்தைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் காலிப் பையில் படத்தைத் தன் கையாலேயே செருகி, உள்ளங்கையால் அழுத்தினார்.

சொர்ணம் ஜன்னலுக்குப் போனாள். வெகுநேரம் வெளியே பார்த்தாள்.

"என் கண்ணுக்கு ஒன்னும் தெரியலக்கா," என்றாள். "என் கண்ணுக்கு ஏன் தெரியப் போறான். கூட்டாளிக்குத்தான் தெரிவான்."

"எங்க கூப்புடறாரு சொர்ணம்?"

"மொத ஷிஃப்ட் ரெண்டு மணிக்கு முடியும். முடிஞ்சதும் தூண்டில எடுத்துகினு ரெண்டு பேரும் நேரா ஏரி. ஊட்டுக்கு வரதே அஞ்சு மணிக்கு. அந்தாளுக்கு ஒரு எடத்துல தனியா இருக்கத் தெரியாதுக்கா. அதான் கெட்ட பழக்கம். கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்துல ஆளு வேணும். செத்தும் ஏரிக்கரையில தனியா குந்திகினு இருக்கான் போல. அண்ணாத்தே வேற வாயடச்சுப் போயி சும்மாதானே கீறாரு, வரட்டுமேன்னு பாக்கறான்."

தாட்சாயிணிக்குப் பயம் வந்தது. அவள் பயந்தது துலுக்கானத்துக்கு இல்லை. நல்ல மனிதன், அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அவள் பயந்தது கை மாற்றாமல் விட்ட முப்பத்தோரு வருஷத்துக்கு. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் வாயால் கூப்பிட்டவள், கையால் கூப்பிடத் தொடங்கி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கையா, இந்தக் கையா என்றால் அவர் எந்தப் பக்கம் போவார்?

கேட்டைப் பூட்டினாள். தினமும் இரண்டு மணிக்கு ஜெயராமன் வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டவில்லை, கோபிக்கவில்லை. எதிரே பார்த்து இரண்டு தட்டு தட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி அவளையும் பூட்டையும் பார்த்தார். நிழல் நீண்டு மணி ஐந்தானபின்தான் உள்ளே வந்தார்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்தது. தெருமுனைவரை தண்ணீர் வாடை வந்தது.

அந்தச் சனிக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவருக்காகக் கேட்டைத் திறந்தாள். சிலிண்டர் உள்ளே போனது, காலி வெளியே வந்தது, அவள் கையெழுத்துப் போட்டாள். கேட்டுக்குத் திரும்பியபோது பூட்டு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் நாற்காலி காலி. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு அடித்து ஐந்து நிமிஷம்.

செருப்பில்லாமல் ஓடினாள். கரைமேல் ஏறியதும் தெரிந்தது. படித்துறையைத் தாண்டி, முழங்கால் தண்ணீரில் ஜெயராமன் நடந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு அடியையும் யாரோ அளந்து சொல்வதுபோல நடந்தார். இரண்டு கைகளும் இடுப்புயரத்தில் லீவரைப் பிடித்திருந்தன. அவர் கண் நேர் எதிரே, ஏரிக்குள், ஓர் ஆள் நிற்க முடியாத ஆழத்தில் தண்ணீருக்கு மேலே ஓரிடத்தில் நின்றிருந்தது. அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் அலையடிக்கவில்லை.

"ஏங்க," என்றாள். "ஏங்க, இப்டி வாங்க." அது அவர் காதில் வெறும் சத்தமாக விழுந்தது. அவர் முதுகு அவள் பக்கம் இருந்தது. முதுகால் கையைப் பார்க்க முடியாது.

புடவையோடு இறங்கினாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. இடுப்பளவு, நெஞ்சளவு என்று பக்கவாட்டில் சுற்றி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது, அவள் நின்ற இடத்தில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. அந்த அலையடிக்காத இடம் அவளுக்கு நேர் பின்னால், கைநீட்டு தூரத்தில் இருந்தது. அவள் திரும்பவில்லை. கையை நீட்டி, உள்ளங்கை தண்ணீரைப் பார்க்கக் குறுக்கே வீசினாள்.

நில்.

ஜெயராமன் நின்றார். யார் காட்டினாலும் நிற்க வேண்டியது அது ஒன்றுதான். நின்றார்.

அடுத்து "வா" காட்டினாள். கரையைக் காட்டினாள். அவர் கண் அவள் கைக்கு வந்தது, அவள் தோளைத் தாண்டிப் போனது, மறுபடி வந்தது. நெற்றி வியர்த்தது. அவர் நகரவில்லை. முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தூணை இழுப்பதுபோல் இருந்தது. ஒரு கை இங்கே, ஒரு கை அங்கே. இரண்டு கைக்கு நடுவில் அவர் இப்படியே நிற்பார், இருட்டும்வரை நிற்பார், கால் விட்டுப்போய்த் தண்ணீரில் விழும்வரை நிற்பார். அது அவளுக்குத் தெரிந்தது.

கரைமேல் சொர்ணம் வந்து நின்றாள். சனிக்கிழமை ரயிலில் வந்தவள், திறந்த கேட்டைப் பார்த்து நேராக இங்கேதான் வந்திருந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு படித்துறையின் கடைசிப் படியில் இறங்கி, ஏரியைப் பார்த்துப் பேசினாள். காது போனவனிடம் பேசுகிறோம் என்று பழக்கதோஷத்தில் கையும் கூடவே பேசியது.

"யோவ். போதும்யா. உனக்கு ஷிஃப்ட் முடிஞ்சு நாலு வருசம் ஆச்சு. அவருக்கு முடியல. அங்க ஒருத்தி தண்ணில நின்னுகினு கீறா பாரு. அவளுக்கு வேற ஆளு இல்ல. எனக்கு நீ இல்லாம நான் பட்டது போதாதா, அவளும் படணுமா? ஒழுங்கா வேல செஞ்சவன்தானே நீ. ஒழுங்கா கைய மாத்திட்டுப் போ."

அந்த இடத்தில் தண்ணீர் இன்னும் அலையடிக்கவில்லை.

"அக்கா," என்றாள் சொர்ணம் மெதுவாக. "திரும்பாத. கைய மட்டும் பின்னால நீட்டு. அந்தாளு புடிக்கணும். புடிச்சாத்தான் ஆச்சு."

தாட்சாயிணி கணவரின் முகத்தைப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டினாள். விரல்களை விரித்தாள். காத்திருந்தாள். கொக்கு ஒன்று கரையோரமாகப் பறந்து போனது. ஆவடிப் பக்கம் ரயில் ஹாரன் கேட்டது. கை வலித்தது. கீழே போட்டுவிடலாமா என்று நினைத்த நேரத்தில் அவள் விரல்களுக்குள் விரல்கள் வந்தன.

சொரசொரப்பான விரல்கள். வெந்து காய்ப்பேறியவை. அவை குளிர்ந்திருக்கும் என்றுதான் நீங்களும் நானும் நினைப்போம். அவை குளிரவில்லை. உலைக்கருகே நின்றுவிட்டு வந்தவன் கைபோல் கணகணவென்று இருந்தன. நான்கு விரல் நேராகப் பிடித்தது. ஐந்தாவது மடங்கியிருந்தது.

அவள் கை உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை. தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயரம் போய் நின்றது.

ஜெயராமன் அண்ணாந்து அதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தண்ணீருக்கு அடியில் அவர் கால் சேற்றை இரண்டு முறை தட்டியதை, சத்தம் வராவிட்டாலும், மேலே வந்த குமிழிகளில் அவள் பார்த்தாள்.

பிடி விட்டது. பின்னால் தண்ணீர் மறுபடி அலையடிக்கத் தொடங்கியது.

கரைப் பக்கம் நகர்ந்து நின்று "வா" காட்டினாள். வந்தார்.

வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, சூடாகக் காபி கொடுத்து அவரை உட்கார வைத்தபின் தாட்சாயிணி எதிரே உட்கார்ந்தாள். சொர்ணம் அவளை ஒரு போர்வையால் சுற்றினாள். ஜெயராமன் ஆல்பத்தை எடுத்து, கடைசிப் பையிலிருந்து துலுக்கானத்தின் படத்தை உருவி, சொர்ணத்திடம் நீட்டினார். பை காலியானது. காலி மனைப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"போயிட்டாரா சொர்ணம்?"

"போயிருப்பான்," என்றாள் அவள், படத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு. "போன்னா போறவன்தான்."

காபி சூடு என்று ஜெயராமனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தாட்சாயிணி இடது கையால் டம்ளரைக் காட்டி, வலது கையை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். மெல்ல. அவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, ஊதி ஊதிக் குடித்தார்.

சொர்ணமும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. ஒன் வெரலு."

சுண்டுவிரல் மடங்கியிருந்தது. தாட்சாயிணி நீட்டிப் பார்த்தாள். வரவில்லை. வலி இல்லை, மரப்பு இல்லை. இடது கையால் பிடித்து நிமிர்த்தினாள். விட்டதும் தானாக மடங்கிக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எங்க போனான்," என்றாள் சொர்ணம். "ஒன் கையில வேலைக்கு சேந்துட்டான்."

பயமாக இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் எதிரே ஜெயராமன் காபி டம்ளரோடு அடுத்த சைகைக்காக அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்வைக்காக அவள் எதையும் கொடுப்பாள். ஒரு விரல்தானே.

சொர்ணத்தின் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பி வந்தாள். கேட்கக் கூச்சப்படுகிறவள் மாதிரி நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தாட்சாயிணியின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்த மடங்கிய விரலைச் சுற்றித் தன் விரலால் ஏதோ காட்டினாள். அவள் சொல்லிக் கொடுத்த சைகைகளில் அது இல்லை. ஆலையில் உள்ளதும் இல்லை. அவர்கள் வீட்டுச் சைகையாக இருக்க வேண்டும்.

தாட்சாயிணி சும்மாதான் இருந்தாள். அவள் கை பதில் சொன்னது. உள்ளங்கையில் இரண்டு தட்டு, அப்புறம் ஒரு சின்னக் கிள்ளல்.

சொர்ணம் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"நான் இன்னா சொன்னேன் சொர்ணம்?"

"நீ ஒன்னும் சொல்லலக்கா," என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை இன்னும் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தாள்.